சென்னையிலிருந்து லண்டன், துபாய், சிங்கப்பூர்: தூரமும் பயண நேரமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடியில் விமானப் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் கடையில் உட்கார்ந்திருப்பவனிடம் கட்டணத்துக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது, "எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்" என்பதுதான். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனப் பல பகுதிகளிலிருந்து வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ள நேரங்கள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. உங்கள் பயணத்துக்கு உங்கள் சீட்டில் உள்ள நேரத்தையே பின்பற்றுங்கள்.

பாய், நம்ம மீனம்பாக்கத்துல இருந்து லண்டன் எவ்ளோ தூரம்? எத்தனை மணி நேரம் ஆகும்?

சென்னை விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். எங்கும் நிற்காத நேர் விமானத்தில் போவதற்குச் சுமார் பத்தரை முதல் பதினொன்றரை மணி நேரமும், திரும்பி வருவதற்குச் சுமார் பத்து மணி நேரமும் ஆகும். போவதற்கும் வருவதற்கும் ஏன் இந்த வித்தியாசம் என்பது கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

நடுவில் எரிபொருள் நிரப்புவதற்காக இறங்குவார்களா என்று இதனுடன் சேர்த்தே பலர் கேட்கிறார்கள். இறங்க மாட்டார்கள். இன்றைய நீண்டதூர விமானங்களில் ஒன்றான போயிங் 787-9 ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் வரை நிற்காமல் பறக்கக்கூடியது. அந்தக் காலம் வேறு. 1932 அக்டோபரில் லண்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்து சேர்த்த தபாலை ஜே.ஆர்.டி. டாடா ஒரு சிறு விமானத்தில் அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். லண்டனுக்கும் சென்னைக்கும் இடையில் வானத்தில் ஏற்பட்ட முதல் ஒழுங்கான தொடர்பு அப்படி விட்டு விட்டு வந்ததுதான்.

டிக்கெட்ல காலைல அஞ்சரைக்குக் கிளம்பி பதினொண்ணு அம்பதுக்கு லண்டன்னு போட்டுருக்கு. ஆறு மணி நேரம்தானே ஆவுது, நீங்க பதினொண்ணுன்னு சொல்றீங்க?

பயணச்சீட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் கடிகார நேரம். புறப்படும் நேரம் இந்திய நேரத்திலும், போய்ச் சேரும் நேரம் லண்டன் நேரத்திலும் இருக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பது பயண நேரம் ஆகாது. கோடைக்காலத்தில் லண்டன் நம்மைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகவே நீங்கள் கழித்துப் பெற்ற 6 மணி 20 நிமிடத்துடன் அந்த நான்கரை மணியைக் கூட்டினால் 10 மணி 50 நிமிடம் என்ற உண்மையான நேரம் வந்துவிடும். மேற்கே போனால் கூட்ட வேண்டும், கிழக்கே போனால் கழிக்க வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

லண்டனில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னே கொண்டுவருவார்கள். குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். சீட்டில் உள்ள நேரத்தில் இந்த மாற்றம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் என்பதால், நீங்களாக எதையும் திருத்தத் தேவையில்லை. ஊரில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லும்போதும், விமான நிலையத்துக்கு அழைத்துப்போக வரும் மகனுக்கோ மருமகனுக்கோ சொல்லும்போதும் சீட்டில் உள்ள லண்டன் நேரத்தையே சொல்லுங்கள்.

சிங்கப்பூருக்கு ஏழு மணி நேரம், துபாய்க்கு மூணு மணி நேரமா? அப்ப சிங்கப்பூர் டபுள் தூரமா?

இந்தக் கேள்விக்கான பதிலைச் சொன்னால் பெரும்பாலோர் நம்ப மறுக்கிறார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சாங்கி ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். துபாய் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர். ஒன்று கிழக்கே, மற்றொன்று மேற்கே, தூரத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டு ஊர்களுக்கும் நேர் விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

வித்தியாசம் முழுவதும் கடிகாரத்தில் இருக்கிறது. இரவு 11.15க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.05க்குச் சிங்கப்பூர் சேரும் விமானத்தை எடுத்துக்கொண்டால், சீட்டில் தெரிவது 6 மணி 50 நிமிடம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். அதிகாலை 4.10க்குக் கிளம்பி 6.55க்குத் துபாய் சேரும் விமானத்தில் தெரிவது 2 மணி 45 நிமிடம்; துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அதைக் கூட்டினால் 4 மணி 15 நிமிடம். சிங்கப்பூர், சூரியனின் கணக்குப்படி தனக்கு உரிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கடிகாரத்தை வைத்திருக்கும் ஊர் என்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். 1982 ஜனவரி 1 முதல் அங்கே இந்த நேரம்தான் நடைமுறையில் உள்ளது.

15ஆம் தேதி 1.40க்கு ஃபிளைட்டு. அப்ப 15ஆம் தேதி ராத்திரி சாப்ட்டு கிளம்புனா சரியா இருக்குமா அண்ணா?

இருக்காது. விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். 24 மணி நேரக் கணக்கில் 01.40 என்று அச்சாகியிருந்தால் அது 14ஆம் தேதி நள்ளிரவு கழிந்த அதிகாலை. நீங்கள் 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். பிற்பகல் என்றால் 13.40 என்று இருக்கும். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கணக்கில் வரும் மற்றத் தவறுகள் மனக்குழப்பத்தோடு நின்றுவிடும், இந்த ஒன்று மட்டும் சீட்டின் முழுப் பணத்தையும் கொண்டுபோய்விடும்.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் "+1" என்று இருந்தால், புறப்பட்ட தேதிக்கு அடுத்த தேதியில் இறங்குகிறீர்கள் என்று பொருள். இதை ஒரு மணி நேரம் கூடுதல் என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். அது நாள், மணி அல்ல.

சரி, தண்டையார்பேட்டைல இருந்து எத்தினி மணிக்குக் கிளம்பணும்?

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக முனையத்தில் இருக்க வேண்டும். பொதுவாகப் பதிவுக் கவுண்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். விம்கோ நகரிலிருந்து திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி வழியாக மெட்ரோ ரயில் மாறாமலேயே விமான நிலையம் வரை போகிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே அந்தப் பாதை நீண்ட பிறகு, பகல் நேரப் பயணத்துக்கு அதைவிட நம்பகமான வழி நம் பகுதிக்கு இல்லை.

ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவிலும் அதிகாலையிலும் கிளம்புகின்றன. மெட்ரோ இரவு 11 மணி அளவில் நின்று காலை 5 மணி அளவில்தான் மீண்டும் தொடங்கும். அதிகாலை 1.40 விமானத்துக்கு நீங்கள் இரவு பத்தரைக்குள் அங்கே இருக்க வேண்டும் என்பதால் மெட்ரோ உதவும், 5.30 விமானத்துக்கு உதவாது, வண்டிதான். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரிகள் இரவில் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் சுற்றுச் சாலைகளிலும் வரிசையாக நிற்கும் என்பதை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 25 கிலோமீட்டர்தானே என்று முக்கால் மணி நேரம் ஒதுக்குவதைவிட ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது நல்லது.

8,230ஐ 900 வேகத்தால வகுத்தா ஒம்பது மணி நேரம்தான் வருது. மீதி ஒண்ணே முக்கால் மணி எங்க போச்சு?

கணக்கு சரி. ஆனால் சீட்டில் உள்ள நேரம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, இறங்கிய ஊரில் தன் இடத்தில் போய் நிற்கும் நொடி வரை உள்ள மொத்த நேரமே பயண நேரம் என்று அட்டவணையில் போடப்படுகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்துபோய் வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் முனையத்துக்குத் திரும்புவது ஆகிய இரண்டுக்குமே அரை மணி நேரம் எளிதாகக் கழிந்துவிடும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் இருக்காது. அதற்கு மேல் எதிர்க்காற்று உண்டு, பாதை 8,230 கிலோமீட்டரைவிட நீளம். இவ்விரண்டையும் பின்னால் பார்க்கலாம்.

இன்னொன்றும் சேர்கிறது. ஹீத்ரோ போன்ற நெரிசலான நிலையங்களில் இறங்க முறை வரும்வரை விமானங்கள் வட்டமடித்துக் காத்திருக்க நான்கு இடங்கள் வானத்தில் ஒதுக்கப்பட்டுள்ளன. அப்படிக் காக்க நேரும் என்று எதிர்பார்த்து நிறுவனங்கள் அட்டவணையிலேயே சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகின்றன. காக்க நேராத நாளில், "குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே வந்து சேர்ந்தோம்" என்ற அறிவிப்பு கேட்கும். விமானி வேகமாக ஓட்டினார் என்று அதற்குப் பொருள் இல்லை.

கிலோமீட்டர்ங்குறாங்க, மைல்ங்குறாங்க, ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கணக்கு. எது சரி?

எல்லாமே சரி. 8,230 கிலோமீட்டர், ஏறத்தாழ 5,115 சாதாரண மைல், ஏறத்தாழ 4,445 கடல் மைல் ஆகிய மூன்றும் ஒரே தூரம். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகள் கடல் மைலையே பயன்படுத்துகிறார்கள். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். கூடும், ஆனால் லண்டன் வரைக்கும் சேர்த்தே சுமார் 14 கிலோமீட்டர்தான்.

சீட்டு முன்னாடி இருக்குற மேப்புல பார்த்தேன். நேரா போகாம வளைஞ்சு வளைஞ்சு போறான். ஏன் சுத்திக்கிட்டுப் போறாங்க?

இதில் இரண்டு வளைவுகள் கலந்திருக்கின்றன. முதலாவது, கண்ணுக்கு மட்டும் தெரியும் வளைவு. உருண்டையான பூமியைத் தட்டையான திரையில் வரைந்தால் மிகக் குறுகிய பாதை வளைந்ததாகத் தெரியும். ஒரு பூகோள உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், அது கட்ச், பலுசிஸ்தான், வடக்கு ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன், போலந்து, ஜெர்மனி என்று போவது தெரியும். 8,230 கிலோமீட்டர் என்று முதல் பதிலில் சொன்னது இந்த நூலின் நீளம்.

இரண்டாவது, உண்மையான சுற்று. மேலே சொன்ன நாடுகளின் பெயர்களை மறுபடி படித்தாலே காரணம் விளங்கும். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து உக்ரைனின் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடியது. 2019இல் பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகும் சில மாதங்கள் அது மூடியிருந்தது. ஈரானிலும் அதைச் சுற்றிலும் பதற்றம் எழும்போதெல்லாம் அந்தப் பாதையும் கைவிடப்படுகிறது. அப்போது விமானங்கள் அரபிக் கடலைக் கடந்து அரேபிய தீபகற்பத்தின் மேலாகவோ, இன்னும் சுற்றி எகிப்து வழியாகவோ போக நேர்கிறது. நூலின் நீளம் மாறாது. பறக்கும் தூரம் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கூடிவிடும். சென்ற ஆண்டு போனவருக்குப் பத்தரை மணி நேரமும் இந்த ஆண்டு போகிறவருக்குப் பதினொன்றரை மணி நேரமும் ஆகியிருந்தால், இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

போறப்போ பதினொரு மணி, வர்றப்போ பத்து மணி. வர்றப்போ குறுக்கு வழியா?

குறுக்கு வழி இல்லை, காற்று. நம் நாட்டின் வட பகுதியிலிருந்து ஐரோப்பா வரை, விமானம் பறக்கும் உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் நடுப்பகுதி மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேலும் போகும். லண்டனுக்குப் போகும்போது அது எதிரே வருகிறது. திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. காற்றோடு ஒப்பிட்டால் விமானத்தின் வேகம் இரண்டு பயணத்திலும் ஒன்றே. தரையோடு ஒப்பிடும்போதுதான் ஒரு பக்கம் 800, மறுபக்கம் 1,000 என்று மாறுகிறது.

இதற்கு நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு விதிவிலக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் காற்று தலைகீழாகக் கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950களில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆகவே, மேற்கே போனாலே எதிர்க்காற்று என்ற விதி அந்த மாதங்களில் நம் தலைக்கு மேலே செல்லுபடியாகாது.

துபாய் மாறிப் போற டிக்கெட்டு கம்மியா இருக்கு. ஆனா அது ரொம்ப சுத்து இல்லையா? டெல்லி வழியா போனா நேரா இருக்குமே?

தூரத்தைப் பொறுத்தவரை துபாய் சுற்றே இல்லை. சென்னை–துபாய் 2,930, துபாய்–லண்டன் ஏறத்தாழ 5,500. இரண்டும் சேர்ந்து 8,430 கிலோமீட்டர். நேர்த் தூரத்தைவிட 200 கிலோமீட்டர்தான் அதிகம். டெல்லி வழியாகப் போனால் 1,760உம் 6,730உம் சேர்ந்து 8,490 கிலோமீட்டர் ஆகிறது. நம் நாட்டுக்குள்ளேயே இருப்பதால் டெல்லி வழிதான் நேர்வழி என்று தோன்றுகிறதே தவிர, உருண்டையின் மேல் பார்த்தால் துபாய்தான் சற்றுப் பக்கம்.

நேரம் போவது பறப்பதில் இல்லை, காத்திருப்பதில். மாறும் ஊரில் இரண்டு மணி நேரம் என்றால் நல்ல இணைப்பு. ஒன்றே கால் மணி என்றால் முதல் விமானம் சற்றுத் தாமதித்தாலும் அடுத்ததைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். எட்டு, ஒன்பது மணி நேரம் என்றால் கட்டணக் குறைவின் காரணம் அதுதான். இரண்டு பயணங்களும் ஒரே பதிவு எண்ணில் இருந்தால், இணைப்பு தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கிய இரண்டு சீட்டுகளுக்கு அந்தப் பொறுப்பு பொதுவாக இல்லை. வயதானவர்களைத் தனியாக அனுப்புகிறவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: பணம் கட்டுப்படியானால் நேர் விமானம், இல்லையேல் ஒரே பதிவில் மூன்று மணி நேர இடைவெளி.

பூமிதான் சுத்துதே. விமானம் மேல ஏறி அப்படியே நின்னா, கீழ லண்டன் தானா வந்துடாதா?

வராது. பூமி சுற்றும்போது அதைச் சூழ்ந்த காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது. தரையில் நிற்கும்போதே விமானம், நீங்கள், மீனம்பாக்கம் எல்லாம் மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மேலே ஏறியதால் அந்த வேகம் இல்லாமல் போவதில்லை. ஒருவேளை பூமி மட்டும் கீழே நகர்ந்தாலும், சென்னைக்கு நேர் மேற்கே உள்ள ஊர்தான் கீழே வரும். எவ்வளவு காத்திருந்தாலும் வடக்கே இருக்கும் லண்டன் வராது.

காலைல கிளம்புனா லண்டன் வரைக்கும் பகலாவே இருக்குமா?

மேலே சொன்ன எண்ணே இதற்கும் உதவுகிறது. சூரிய வெளிச்சத்தின் எல்லை சென்னை அளவிலான இடத்தில் மணிக்கு 1,630 கிலோமீட்டரும், லண்டன் அளவில் 1,040 கிலோமீட்டரும் மேற்கே நகர்கிறது. விமானத்தின் வேகம் இரண்டுக்கும் குறைவு. அதனால் சூரியனை ஓடிப் பிடிக்க முடியாது, ஆனால் பின்தங்குவது மெதுவாகிறது. காலை 5.30க்குக் கிளம்பியவர் கிட்டத்தட்ட 11 மணி நேரம் பறந்தும் லண்டனின் நண்பகலுக்குச் சற்று முன்பே இறங்குகிறார். திரும்பி வரும்போது இதற்கு நேர் எதிர்: இரவும் பகலும் வேகமாக ஓடிவிடும், தூக்கம் கெடுவதும் அந்தப் பயணத்தில்தான் அதிகம்.

சான் பிரான்சிஸ்கோ போறதுக்குக் கிழக்கால போகணுமா, மேற்கால போகணுமா?

நூலை மறுபடி எடுத்தால், விடை இரண்டும் இல்லை: வடக்கே. சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர்; அந்தப் பாதை வடக்கிலிருந்து சற்றே கிழக்காகச் சாய்ந்து கிளம்பி, சீனாவையும் ரஷ்யாவின் கிழக்குப் பகுதியையும் கடந்து போகிறது. அந்தப் பாதையில் நமக்கு நேர் விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் சுமார் 15,950, சிங்கப்பூர் வழியாகப் போனால் சுமார் 16,500 கிலோமீட்டர். மொத்தப் பயணத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதல்ல. இணைப்பு நேரத்தையும் கட்டணத்தையும் பார்த்து எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

தேதிக் குழப்பம் இந்தப் பயணத்தில்தான் உச்சத்தை அடைகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதன்முறையாக நேர் விமானம் விட்டபோது, ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே அதை வடதுருவப் பகுதி வழியாக ஓட்டிவந்தார்கள். 9ஆம் தேதி இரவு கிளம்பிய அந்த விமானம் 11ஆம் தேதி அதிகாலை இறங்கியது. வானத்தில் இருந்தது சுமார் 17 மணி நேரம்தான். குளிர்காலத்தில் அந்த ஊர் நம்மைவிட பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், வரும்போது காலண்டரில் ஒரு நாள் காணாமல் போனதுபோல் தோன்றும். போகும்போது அது திரும்பக் கிடைத்துவிடும்.

அம்மாவுக்கு சுகர் மாத்திரை, இன்சுலின் இருக்கு. எந்த ஊர் நேரத்துக்குப் போடுறது?

இதைப் பயணச்சீட்டுப் போடுபவன் முடிவு செய்யக்கூடாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மருத்துவரிடம் போகும்போது எதை எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லலாம். சீட்டை மட்டும் காட்டினால் அவரும் காலை 5.30, பகல் 11.50 என்றே பார்ப்பார். வீட்டிலிருந்து கிளம்புவது முதல் அங்கே வீடு போய்ச் சேர்வது வரை மொத்தம் எத்தனை மணி நேரம், நடுவில் எத்தனை மணி நேரக் காத்திருப்பு, எப்போது உணவு கிடைக்கும், எல்லாம் இந்திய நேரத்தில் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எங்களிடம் பதிவு செய்பவர்கள் கேட்டால் நாங்களே எழுதித் தருகிறோம். மருந்தையும் மருத்துவரின் சீட்டையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் பயணம் முடியும்வரை அவை உங்கள் கைக்கு வராது.